டிகிரி முடிக்காத பனங்காட்டுப் பையன்... தோர்ணக்கல்லின் ‘தண்ட்ரிகாரு’ ஆன கதை!

உங்களுக்கு ஒரு மேனேஜர் இருக்கார்னு வெச்சுக்கோங்க. நல்ல மனுஷன்தான். சம்பளம் ஒண்ணாம் தேதி வந்துடும். மெயிலில் பாராட்டுவார், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்கூட அனுப்புவார். ஆனா, இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட உங்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடிச்சது இல்லை. அவருக்குத் தனி மேசை, உங்களுக்குத் தனி மேசை. அப்படிப்பட்டவங்க ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்குற ஒரு ஹாலில் உங்க கையில மைக்கைக் கொடுத்து, நம்ம உறவு எப்படி இருக்குன்னு பேசச் சொன்னா, நீங்க என்ன பேசுவீங்க?

பெரும்பாலும் நன்றி சொல்லிட்டு இறங்கிடுவோம். 1910-ம் வருஷம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில், அப்படி இறங்காத ஒரு தமிழர் இருந்தார். உலகம் முழுக்க இருந்து வந்த சுமார் 1,200 மிஷனெரி பிரதிநிதிகள் முன்னாடி அவர் நின்றார். அதில் ஆசியாவிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தியா அப்போது பிரிட்டிஷ்காரர்கள் கையில். அந்தச் சபையில் அவர் கேட்டது பணமும் இல்லை, பதவியும் இல்லை. நீங்க எங்களுக்குச் சமமான நண்பர்களா இருக்கத் தயாரா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சுருக்கமா வி.எஸ்.அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். ஆனா இந்த ‘முதல்’ பட்டத்தை மட்டும் ஜி.கே கேள்விக்கான பதிலா மனப்பாடம் பண்ணிட்டுப் போனீங்கன்னா, அவர் வாழ்க்கையோட சுவாரஸ்யமான பகுதியையே தவறவிட்டுடுவீங்க. அது மாநாட்டு மேடையில் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நடந்த கிராமத்துக் கூட்டங்களில் இருக்கு.

வெள்ளாளன்விளையிலிருந்து...

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் மெஞ்ஞானபுரம் பக்கம் இருக்கும் சின்ன ஊர் வெள்ளாளன்விளை. சுற்றிலும் பனை மரங்கள், செம்மண். 1874 ஆகஸ்ட் 17-ல் அங்கேதான் அசரியா பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊரின் குருவானவர். அம்மா எல்லன். முதல் பெண் குழந்தைக்குப் பிறகு நீண்ட காலம் காத்திருந்து, வேண்டுதலோடு பெற்ற பிள்ளை என்பதால்தான் ‘சாமுவேல்’ என்ற பெயர். பைபிளில் சாமுவேலின் தாய் அன்னாளும் அப்படித்தான் வேண்டிப் பெற்றாள்.

அந்தக் காலத்துத் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ கிராமங்களை நீங்க கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கணும். ஊர் நடுவில் ஆலயம். அதை ஒட்டியே பள்ளிக்கூடம். காலையிலும் மாலையிலும் மணி அடித்தால், பனையேறிவிட்டு வந்தவர்கள், பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்து உட்காருவார்கள். வியாதி, கல்யாணம், கடன், சண்டை... எதுவானாலும் குருவானவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அசனப் பண்டிகை. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். 

இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு கனமான அர்த்தம் இருக்கு. அசரியாவின் குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் கோயிலுக்குள் நுழைய முடியாமல், நல்ல துணி உடுத்தக்கூடப் போராட வேண்டியிருந்த சமூகம் அது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது அந்த மண்ணில் சின்ன விஷயமே இல்லை. பின்னால் எடின்பரோவில் அசரியா பேசியதன் வேர் எங்கே இருக்குன்னு இப்போ புரியுதா?

1889-ல் அப்பா இறந்தார். அசரியாவுக்கு 15 வயதுகூட முழுசா ஆகவில்லை. கண்டிப்பான அம்மாவின் வளர்ப்பில் படிப்பு தொடர்ந்தது. மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி, கடைசியில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கணிதப் பரீட்சை நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போக, பட்டம் கைக்கு வரவில்லை. திரும்பிப் போய் எழுதவும் இல்லை. அரியர் வெச்சிருக்குறவங்க கொஞ்சம் தைரியமா மூச்சு விடலாம். இதே மனிதருக்குத்தான் 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!

யாழ்ப்பாணம் கொடுத்த உறுத்தல்

1895-ல் அசரியா ஒய்.எம்.சி.ஏ-வில் வேலைக்குச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்க ரயிலிலும் மாட்டு வண்டியிலும் சுற்றி இளைஞர்களோடு பேசும் வேலை. அங்கேதான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞரோடு பழக்கம் ஏற்பட்டது. ஒன்றாகப் பயணம், ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாக வாக்குவாதம் என்று இருந்த நட்பு அது. வெள்ளைக்காரரும் இந்தியரும் நண்பர்களாக இருக்க முடியும் என்பதை அசரியா புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வாழ்ந்து பார்த்திருந்தார். அதனால்தான் மற்றவர்கள் ஏன் அப்படி இருப்பதில்லை என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், யாரையும் எதிர்பார்க்காமல் தங்கள் சொந்தக் காசில் வேறு ஊர்களுக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அசரியாவுக்கு உறுத்தல். திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனா எல்லாவற்றுக்கும் லண்டனைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

ஊர் திரும்பியதும் வேலை ஆரம்பமானது. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் ‘இந்திய மிஷனெரி சங்கம்’ உருவானது. விதி எளிமையானது. ஆட்கள் இந்தியர்கள், பணம் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில். வெளிநாட்டிலிருந்து ஒரு பைசா வேண்டாம். சுதேசி இயக்கம் வங்காளத்தில் சூடு பிடிக்கும் முன்பே, பாளையங்கோட்டையில் ஒரு சுதேசி முயற்சி ஓசையில்லாமல் தொடங்கிவிட்டது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் இதே எண்ணத்தோடு தொடங்கப்பட்ட ‘தேசிய மிஷனெரி சங்க’த்திலும் அசரியா முன்வரிசையில் இருந்தார்.

சொல்றது சுலபம்... போறது யாரு?

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம், ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். இன்றைய தெலங்கானா. சிங்கரேணி நிலக்கரி வயல்களுக்கு ரயில் பாதை பிரியும் ஜங்ஷன். அதைத் தாண்டினால் காடும், வறண்ட வயல்களும்தான். மொழி தெலுங்கு. திருநெல்வேலிக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட வெளிநாடு.

மேடையில் இளைஞர்களைப் போகச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தவருக்கு ஒரு கட்டத்தில் நெருடல் வந்தது. மத்தவங்களைப் போகச் சொல்ற நான் ஏன் போகலை? 

நல்ல வேலை, நல்ல பெயர், நாடு நாடாகப் பயணம். 1907-ல் டோக்கியோ மாநாட்டுக்கே போய் வந்திருந்தார். அத்தனையையும் விட்டுவிட்டு 1909-ல் குருப்பட்டம் பெற்று, மனைவி, பிள்ளைகளோடு தோர்ணக்கல் வந்து இறங்கினார். ஆரம்ப நாட்களில் கூடாரத்தில்தான் குடித்தனம். வயது 35. அந்த வயதில் உட்கார்ந்து தெலுங்கு படிக்க ஆரம்பித்தார். இன்னிக்கு ஒரு ஆப்பைத் திறந்து புது மொழி கற்கவே நமக்குப் பத்து நாளில் சலிப்பு வந்துடுது!

ஹாலில் விழுந்த மௌனம்

அடுத்த வருஷம்தான் எடின்பரோ. வெளிநாட்டு மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையிலான உறவு என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அசரியா சுற்றி வளைக்கவில்லை. மிஷனெரிகளின் தியாகத்தை மதிப்பதாகச் சொன்னார். பிறகு, அந்தத் தியாகத்தில் எது இல்லை என்று சொன்னார். பல வருஷங்கள் ஒரே ஊரில் ஒன்றாக ஊழியம் செய்தும் ஒரு இந்திய ஊழியரைத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்காதவர்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். முதலாளி - கூலி உறவு போதும், இனி நட்பு வேண்டும் என்பதுதான் முடிவு.

ஹாலில் சிலர் கை தட்டினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். எழுதி வெச்சுக்கோங்க... நூறு வருஷம் கழித்தும் அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் மக்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பது இந்தப் பேச்சைத்தான்.

சரி, கைதட்டியவர்கள் எல்லாம் மாறிவிட்டார்களா? இரண்டே வருஷத்தில் அதற்குப் பரீட்சை வந்தது. சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உடனே எதிர்ப்பு. ஒரு இந்தியருக்குக் கீழே வெள்ளைக்கார மிஷனெரிகள் எப்படி வேலை செய்வது என்று கவலைப்பட்டார்கள். வேடிக்கை என்னன்னா, எதிர்த்தவர்களில் இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். நம்மாள் மேலே வருவதை நம்மாளே தாங்க மாட்டான் என்று நாம் சொல்வோமே, அதேதான்.

1912 டிசம்பர் 29. கல்கத்தா புனித பவுல் பேராலயம். 38 வயதில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆனா முதலில் அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரு சின்னத் திருமண்டலம்தான். வெளிநாட்டு மிஷனெரிகள் நிறைந்திருந்த பெரிய தெலுங்குப் பகுதிகள் 1920-களில்தான் அவர் பொறுப்புக்கு வந்தன. நம்பிக்கையை அவருக்கு யாரும் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. தவணையில்தான் கொடுத்தார்கள். 

ஒரு கிராமத்துச் சபை எப்படி ஓடும்?

இனிமேல்தான் உண்மையான கதை. தோர்ணக்கல் பகுதியில் சபைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் மாலா, மாதிகா என்ற இரண்டு தலித் சமூகத்தினர். மாலாக்கள் பெரும்பாலும் வயல் கூலிகள். மாதிகாக்கள் தோல் தொழில் செய்பவர்கள். ஊருக்கு வெளியே சேரி. அதிலும் இரண்டு பேருக்கும் தனித்தனிச் சேரி, தனித்தனிக் கிணறு. நிலம் இல்லை, எழுத்து தெரியாது, பலர் தலைமுறைக் கடனில் அடிமை வேலை.

இப்படிப்பட்ட கிராமத்தில் வாரத்துக்கு ஒருநாள் கோட்டு போட்ட ஒருவர் வந்து பிரசங்கம் பண்ணிவிட்டுப் போனால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அசரியாவுக்கு இது தெரியும். அவர் வெள்ளாளன்விளையில் வளர்ந்தவர் ஆச்சே! அதனால் அவர் முதலில் செய்தது, கிராமத்துக்கு ஒரு உபதேசியார் குடும்பத்தை அனுப்பியது. கவனியுங்கள், உபதேசியாரை மட்டும் இல்லை, குடும்பத்தை. கணவனுக்கு நடந்ததுபோல மனைவிக்கும் பயிற்சி நடந்தது. இரண்டு பேரும் சேரியிலேயே குடியிருக்க வேண்டும். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ராத்திரியில் பெரியவர்களுக்குக் கூட்டம்.

ஏன் ராத்திரி? பகலெல்லாம் ஜனங்கள் பண்ணையார் வயலில் இருப்பார்கள். இருட்டிய பிறகுதான் வீடு. கஞ்சி குடித்துவிட்டு விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். படிக்கத் தெரியாததால் எல்லாமே பாட்டாக, கதையாக, மனப்பாடமாகத்தான் போகும். தெலுங்குக் கீர்த்தனைகள், தாளம், நாடகம்... ஆங்கிலேயர் மெட்டில்தான் கும்பிடணும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அறுவடை முடிந்தால் அறுவடைப் பண்டிகை. முதல் நெல்லும், கோழியும், பூசணிக்காயும் தலையில் சுமந்துகொண்டு ஊர்வலமாக ஆலயத்துக்கு வருவார்கள்.

ஒரு கைப்பிடி அரிசி

இதில் உங்களை யோசிக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. இத்தனை ஏழைகளிடம் அசரியா காணிக்கை கேட்டார். ஆமாம், கேட்டார். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து ஒரு பானையில் போட வேண்டும். திருநெல்வேலிப் பெண்கள் வழக்கமாகச் செய்த ‘பிடியரிசி’தான். வாரக்கடைசியில் அது சபைக்கு வரும்.

பார்க்கக் கொடுமையாகத் தெரியலாம். ஒருவேளைச் சோற்றுக்கே அல்லாடுபவர்களிடம் கேட்பதா? ஆனா அசரியாவின் கணக்கு வேறு. அதுவரை அந்த மக்கள் எல்லோரிடமும் கைநீட்டி வாங்கியே பழகியவர்கள். பண்ணையார் போட்டால்தான் உண்டு. மிஷனெரி கொடுத்தால்தான் உண்டு. வாங்கிக்கொண்டே இருப்பவனுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் வராது. கொடுக்க ஆரம்பிக்கும்போதுதான் இது என் சபை என்ற நிமிர்வு வரும். இதைப் பற்றி அவர் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அது பல நாடுகளின் திருச்சபைகளில் வாசிக்கப்பட்டது. 

இன்னொன்று. ஞானஸ்நானம் பெறுபவர்களை அவர் தங்கள் தலையில் தாங்களே கை வைத்து, இந்தச் செய்தியை நான் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஐயோ என்ற பொருளில் ஒரு உறுதிமொழி சொல்லவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியை, நீயும் ஒரு பிரசங்கிதான் என்று சொல்வதற்குச் சமம் அது. வருஷத்துக்கு ஒரு வாரம் சபையார் எல்லோரும் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிப் போய்ப் பாடவும் பேசவும் செய்தார்கள்.

பறை அடிக்க மாட்டோம்!

இந்த நிமிர்வு ஊருக்குள் சும்மா விடுமா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டோம் என்றார்கள் கூலிகள். ஊர்த் திருவிழாவில் பறை அடிக்கும் கட்டாய வேலை இனி வேண்டாம் என்றார்கள். பண்ணையார்களுக்குக் கோபம். வேலை போனது, அடி விழுந்தது, கிணறு மறுக்கப்பட்டது. பல ஊர்களில் நடந்த கதை இது. கிறிஸ்தவராவது என்பது அந்த மக்களுக்கு லேசான முடிவாக இருக்கவில்லை.

கள்ளுக்கும் சாராயத்துக்கும் எதிராக அசரியா கடுமையாக நின்றார். கூலி முழுக்கக் கள்ளுக்கடைக்குப் போனால் கடன் எப்படித் தீரும் என்பது அவர் கேள்வி. மெதுவாகச் சேரிகளின் முகம் மாறியது. பிள்ளைகள் படித்தார்கள், சிலர் ஆசிரியர்களாக, குருமார்களாகத் திரும்பி வந்தார்கள். இதைப் பார்த்து, ஊருக்குள் இருந்த சாதி இந்துக்களில் சிலரும் சபைக்கு வர ஆரம்பித்தார்கள். மேலிருந்து கீழே இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே கீழிருந்து மேலே ஏறியது!

எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. மாலா - மாதிகா பிரிவினை அவரை விடாமல் துரத்தியது. ஒரே ஆலயத்தில், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனா ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் பழைய கோடுகள் திரும்ப வந்துவிடும். தானே ஒரு தமிழர், வேறு சமூகத்தவர் என்பதும் சிலர் மனதில் முள்ளாக இருந்தது. எடின்பரோவில் வெள்ளைக்காரர்களிடம் கேட்ட அதே கேள்வியை, தோர்ணக்கல்லில் தன் சொந்த ஜனங்களிடமும் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருந்தது. நீங்க ஏன் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை? 

அன்பு என்றொரு பெண்

இந்தக் கதையில் அன்பு மாரியம்மாளைத் தாண்டிப் போனால் அது நியாயமே இல்லை. 1898-ல் அசரியாவைத் திருமணம் செய்தவர். அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படிப்பு வரை போன பெண். வரதட்சணை, ஆடம்பரம் எதுவும் இல்லாத கல்யாணம். தோர்ணக்கல்லில் உபதேசியார்களின் மனைவிகளுக்குப் பயிற்சி, கிராமத்துப் பெண்களின் கூட்டங்கள், மாட்டு வண்டிப் பயணங்கள் என்று பாதிச் சுமை அவருடையது. அசரியா பல சமயம் சைக்கிளிலேயே கிராமங்களுக்குப் போவார். பேராயர் சைக்கிளில் வருவதைப் பார்க்க ஜனங்களுக்கு வேடிக்கை. அவரை ‘தண்ட்ரிகாரு’ என்றே கூப்பிட்டார்கள். தெலுங்கில் ‘அப்பா’ என்று மரியாதையாக அழைப்பது. 

1912-ல் சுமார் 56,000 ஆக இருந்த அந்தப் பகுதியின் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள், எல்லைகள் விரிந்து, அவர் காலம் முடிவதற்குள் 2 லட்சத்தைத் தாண்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியக் குருமார்கள் உருவானார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள்.

காந்தியோடு மோதல்

எண்ணிக்கை கூடக் கூட, அரசியலும் உள்ளே வந்தது. 1930-களில் காந்தி தீண்டாமை ஒழிப்பைத் தன் உயிர் வேலையாக எடுத்திருந்த நேரம். கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். ஏழைகளின் வறுமையை மிஷனெரிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள், இது ஆன்மிகத் தேடல் இல்லை என்பது அவர் பக்க வாதம். தீண்டாமையை ஒழிப்பது இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம் என்றும் அவர் நம்பினார். 1935-ல் அம்பேத்கர், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்ததும் இந்த விவாதம் இன்னும் சூடானது.

அசரியா பக்க வாதம் எளிமையானது. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பதற்காக, தன் கடவுளைத் தானே தேர்ந்தெடுக்க அவனுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒருவன் மரியாதையான வாழ்வைத் தேடி வருவதும், கடவுளைத் தேடி வருவதும் வேறு வேறு இல்லையே? 

இதில் நீங்க யார் பக்கம்? இன்றும் நம்ம வீட்டு டைனிங் டேபிளிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் முடியாத விவாதம்தான் இது. ஆனா ஒன்றைக் கவனிக்கணும். இதே அசரியாதான், 1932-ல் பிரிட்டிஷ் அரசு மத அடிப்படையில் தனித் தொகுதிகளை அறிவித்தபோது, கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு தனித் தொகுதி வேண்டாம் என்று எதிர்த்தார். கிறிஸ்தவர்களைத் தனி அரசியல் கூட்டமாகப் பிரித்து வைத்தால், அது நாட்டுக்கும் நல்லதில்லை, சபைக்கும் நல்லதில்லை என்பது அவர் எண்ணம். ஓட்டு வங்கிக்காக ஆள் சேர்க்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டவர், கையில் வந்த ஓட்டுப் பலத்தை வேண்டாம் என்றார்.

வாழைப்பூ தூண்களும் ஒரு பேராலயமும்

தோர்ணக்கல் போகும் வாய்ப்பு கிடைத்தால், அங்கே இருக்கும் பேராலயத்தை அவசியம் பாருங்க. லண்டனில் இருந்து பெயர்த்து வந்ததுபோல இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாறுவீங்க. குவிமாடங்களும் ஸ்தூபிகளும் மசூதியை நினைவுபடுத்தும். தூண்களில் தாமரையும் வாழைப்பூவும் தென்னிந்தியக் கோயில்களை நினைவுபடுத்தும். எல்லாவற்றுக்கும் மேல் சிலுவை. உலகப் போர், பணத் தட்டுப்பாடு என்று பல வருஷங்கள் இழுத்தடித்து, 1939 ஜனவரி 6-ல் திறக்கப்பட்டது. இந்தியக் கிறிஸ்தவன் இந்தியனாகவே இருக்கலாம் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதைக் கல்லில் சொல்லும் கட்டடம் அது.

பார்க்காமல் போன விளைச்சல்

அசரியாவை உறுத்திய இன்னொரு விஷயம், சபைகளின் பிரிவினை. நீ ஆங்கிலிக்கன், நான் மெத்தடிஸ்ட், அவன் பிரஸ்பிட்டேரியன்... இந்தப் பெயர்களுக்கும் தோர்ணக்கல் சேரிக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தில் என்றைக்கோ நடந்த சண்டைக்காக ஒரு மாதிகா கூலித் தொழிலாளி ஏன் தனி ஆலயத்துக்குப் போகணும்?

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் அசரியா. நண்பர் ஷெர்வுட் எடியும் அங்கே இருந்தார். ஒன்றுபடுவோம் என்று அங்கே தொடங்கிய பேச்சுவார்த்தை, வரிக்கு வரி வாக்குவாதமாக, 28 வருஷம் நீண்டது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு விடுதலை அடைந்து ஆறே வாரங்களில்! உங்க ஊரில் ‘சி.எஸ்.ஐ’ என்ற போர்டோடு நீங்க பார்க்கும் ஆலயங்கள் எல்லாம் அந்த ஒற்றுமையின் பிள்ளைகள்தான்.

அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1, புத்தாண்டு நாளில் தோர்ணக்கல்லிலேயே அவர் காலமானார். வயது 70. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. 1912-ல் பேராயரான நாளிலிருந்து இறக்கும் வரை, இந்தியாவில் ஒரு திருமண்டலத்துக்குத் தலைமை தாங்கிய ஒரே இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் அவர் மட்டும்தான். 32 வருஷம்! எடின்பரோவில் கைதட்டியவர்கள், இன்னொரு இந்தியரை அந்த நாற்காலியில் உட்காரவைக்க அவ்வளவு காலம் தயங்கினார்கள்.

அதனால்தான் அவர் நாற்காலியை நம்பவில்லையோ என்னவோ. கிராமம் கிராமமாக விளக்கைச் சுற்றி உட்கார்ந்த ஜனங்களை நம்பினார். 

அடுத்த முறை நெல்லை, தூத்துக்குடி பக்கம் ஒரு அசன விருந்துக்கு உங்க நண்பர் கூப்பிட்டா, மறுக்காம போங்க. தரையில் பந்தி பரப்பியிருப்பாங்க. சோறும் குழம்பும்தான் சாப்பாடு. பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் ஒரு நிமிஷம் பாருங்க. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதற்காகத்தான் வெள்ளாளன்விளைக்காரர் ஒருவர், தோர்ணக்கல் வரைக்கும் போனார்.